வெளிச்சத்தில் வைத்துப் பார்த்த கல்

போன வாரம் பள்ளிக்கரணையில் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்துக்காக மண் பரிசோதனை செய்துகொண்டிருந்தோம். என் வேலை அதுதான். எங்கே கட்டடம் எழப்போகிறதோ அங்கே முதலில் நாங்கள் போய்ப் பூமியில் துளை போட்டு, அடியில் என்ன இருக்கிறது என்று எழுதிக் கொடுப்போம். சதுப்பு நிலத்தின் ஓரம் என்பதால் முதலில் கறுப்புக் களிமண், தார் மாதிரி ஒட்டிக்கொண்டு வந்தது. அப்புறம் மணல். அதற்கும் அடியில் உளுத்துப்போன பாறை. கடைசியில் குழாயிலிருந்து முழங்கை நீளத்துக்கு ஒரு கல் உருளை வழுக்கிக்கொண்டு வந்து விழுந்தது. எண்ணெய் தடவியது போலக் கரும்பச்சை. உள்முகம் எப்படி இருக்கிறது என்று பார்க்க, சுத்தியலால் முனையில் ஒரு தட்டு தட்டினேன்.

அந்த வாசனை வந்தது.

உங்களுக்குத் தெரியுமோ தெரியாதோ, கருங்கல்லைப் புதிதாக உடைத்தால் ஒரு மணம் வரும். தீக்குச்சியைக் கிழித்து அணைத்த மாதிரி, கொஞ்சம் தலைமுடி கருகின மாதிரி. ஒரு நொடிதான் நிற்கும். மற்றவர்களுக்கு அது கல்லின் மணம். எனக்கு அம்மாவின் மணம். எல்லா அம்மாக்களும் அப்படித்தான் மணப்பார்கள் என்று சின்ன வயதில் நினைத்திருந்தேன். இரண்டாம் வகுப்பில் பக்கத்துப் பையனின் அம்மா சாப்பாட்டுக் கூடையோடு வந்து குனிந்தபோது அவரிடமிருந்து பவுடர் வாசனை வந்தது. பாவம், இவருக்கு என்ன உடம்போ என்று கவலைப்பட்டேன்.

பொழிச்சலூருக்கும் பம்மலுக்கும் நடுவே அப்போது எங்களுக்கு ஒரு மலை இருந்தது. ஊட்டியைப் பார்த்தவர்கள் அதை மலை என்று ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஒரு பக்கம் முழுக்க வெட்டித் தின்றுவிட்ட குன்று, அவ்வளவுதான். அம்மா அதன் அடிவாரத்தில் ஜல்லி உடைத்தார். பழைய லாரி டயரை வெட்டிச் செய்த ஒரு வளையம், ஒரு குச்சியில் மாட்டியிருக்கும். கல் துள்ளி ஓடாமல் இருக்க இடது கையால் அந்த வளையத்தைக் கல்லின் மேல் அழுத்திக்கொண்டு வலது கையால் அடிப்பார். வீட்டில் நானும் அம்மாவும் மட்டும்தான். எங்கள் சோறு அந்த வளையத்துக்குள்ளே இருந்துதான் வந்தது.

மத்தியானம் வெடி வைப்பார்கள். வெடி வைக்கிறவர் காதர் பாய். ஒல்லியான மனிதர், வலது காது கேட்காது. சிவப்புத் துணியைக் கட்டிவிட்டு விசில் ஊதுவார். எல்லாரும் ஓடிப்போய் லாரிக்குப் பின்னால் உட்கார்ந்துகொள்வார்கள். பள்ளிக்கூடத்து ஜன்னல்கள் ஒருமுறை நடுங்கி அடங்கும். கொஞ்ச நேரத்தில் தலைக்கு மேலே விமானம் போகும். டீச்சர் இரண்டுக்கும் பேச்சை நிறுத்திவிட்டுச் சாக்பீஸைப் பிடித்தபடி காத்திருப்பார். நான் படித்த படிப்பில் பாதி அந்த இடைவெளிகளில் விழுந்துபோயிருக்க வேண்டும், இல்லையென்றால் அந்தத் தப்பைச் செய்திருக்க மாட்டேன்.

எரிமலைப் பாடம் நடத்தியிருந்தார்கள். பூமிக்கு அடியில் பாறை உருகிக் கிடக்கிறது, மேலே வந்து ஆறினால் மலையாகிறது. புத்தகத்தில் படமும் இருந்தது. உச்சியில் புகை, பக்கமெல்லாம் கல். எனக்கு எதுவும் யோசிக்கத் தோன்றவில்லை. சத்தம் இருக்கிறது, புகை இருக்கிறது, கல் பறக்கிறது. நம் மலைதான்! எங்கள் வீட்டில் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான் என்பதால், மறுத்துச் சொல்ல அங்கே ஒருவரும் இல்லை.

"மலை தீந்துடுமாடா?" என்று அம்மா கேட்டார். அங்கே கல் உடைத்த எல்லாருக்கும் இருந்த பயம் அது.

"தீராதும்மா. நாம ஒடைக்க ஒடைக்க அடியிலேர்ந்து புதுசா வந்துகினே இருக்கும். புக்குலயே போட்ருக்கான்."

மறுநாள் குவாரி முழுக்க அந்தச் செய்தி போய்விட்டது. "என் புள்ள சொல்லிட்டான், மலை வளருதாம்" என்று அம்மா ஒவ்வொருவரிடமும் சொல்லியிருக்கிறார். காதர் பாய் ஒருவர்தான் நம்பவில்லை. என்னைப் பார்க்கும்போதெல்லாம் கையைக் காதருகே குவித்துக் கேட்பார்.

"இன்னா எரிமல, இன்னிக்கி எத்தினி மணிக்கு வெடிக்கப் போற? முன்னாடியே சொல்லிடுப்பா, நான் லீவு போட்டுக்கிறேன்."

அன்றிலிருந்து அந்தப் பக்கத்தில் என் பெயர் எரிமலை.

மலை வளரவில்லை. குன்று தரைமட்டமானது, பிறகு தரைக்குக் கீழே போனது. ஒரு நாள் காதர் பாய் வைத்த வெடியில் ஊற்று பிளந்துகொண்டது. இரண்டு வாரத்தில் குழி நிறையப் பச்சைத் தண்ணீர். குவாரியை மூடிவிட்டார்கள். அம்மா விளிம்பில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அடிலேர்ந்து வரும்னியே. தண்ணிதான்டா வந்துச்சு." திட்டவில்லை. சும்மா சொன்னார். பிறகு ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் மாடிப்படி கூட்டும் வேலைக்குப் போனார். இருமல் அப்போதே இருந்தது. இருமல் இல்லாத ஆள் யார் அங்கே?

கல்லூரியில் நான் ஜியாலஜி எடுத்ததற்கு அந்தத் தப்பும் ஒரு காரணம். தாம்பரத்தில் ரயில் பிடித்துப் போய்ப் படித்துவிட்டு வந்து, சாயங்காலம் அம்மாவிடம் ஒப்பிப்பேன். நாம் நிற்கிற நிலம் மொத்தமும் ஒரு பெரிய பாளம்மா, நகம் வளர்கிற வேகத்தில் வடக்கே நகர்ந்துகொண்டிருக்கிறது என்றேன்.

"நம்ம வூடுமா?"

"ஆமா."

"ஹவுஸ் ஓனருக்குத் தெரியுமாடா?"

நம் மலை எரிமலை இல்லை என்பதையும் ஒருவழியாகச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். இருநூறு கோடி வருஷத்துக்கு மேல் பழைய பாறை. பூமிக்குள்ளே ரொம்ப ஆழத்தில் வெந்து இறுகி, மேலே இருந்ததெல்லாம் தேய்ந்துபோனதால் வெளியே தலை நீட்டியது. சார்னோகைட் என்று உலகம் முழுக்கப் பேர். கல்கத்தாவில் ஒரு வெள்ளைக்காரரின் கல்லறைக்கு இந்தப் பக்கத்துக் கல் போயிருக்கிறது, அவர் பேரையே கல்லுக்கு வைத்துவிட்டார்கள்.

அம்மா யோசித்தார். "அவுரு கல்லு ஒட்ச்சாரா?"

"இல்லம்மா. செத்துட்டாரு."

"செத்ததுக்கா பேரு வெச்சாங்க?"

நான் சிரித்தேன். அவரும் சிரித்து, சிரிப்பு இருமலாகி, சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

இரண்டாம் வருஷம் லேபில் கல்லைத் தேய்க்கக் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு சில்லைக் கண்ணாடியில் ஒட்டி, காகிதத்தைவிட மெல்லிசாகத் தேய்த்தால் கல்லுக்குள் வெளிச்சம் நுழையும். நான் குழியோரத்தில் பொறுக்கிய சில்லைக் கொண்டுபோயிருந்தேன். தேய்க்க உட்கார்ந்ததும் லேப் உதவியாளர் கத்தினார்: "தம்பி, மொதல்ல மாஸ்க் போடு. தண்ணி ஊத்திக்கினே தேய். அந்தத் தூள் உள்ள போச்சுன்னா வெளிய வராது." மாஸ்க் போட்டுக்கொண்டேன். அரை மணி நேர வேலை. எனக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. எதுவுமே தோன்றவில்லை என்பதை இப்போது எழுதும்போது கை கூசுகிறது.

மைக்ராஸ்கோப்பில் அதைப் பார்த்தேன். அந்தக் கறுப்புக் கல்லுக்குள் இளஞ்சிவப்பும் வெளிர்பச்சையும். தட்டைத் திருப்பினால் ஒன்று இன்னொன்றாக மாறியது. சில இடங்களில் புடவைக் கரை மாதிரி கோடு கோடாக. அன்று வீட்டுக்குள் நுழையும்போதே சொன்னேன்: "உனக்குக் காட்டறேம்மா. நீ ஒடச்சியே, அதுக்குள்ள என்ன இருந்துச்சுன்னு வெளிச்சத்துல வெச்சுக் காட்டறேன்."

மூன்றாம் வருஷம், பெற்றோரைக் கூட்டிவந்து துறையைச் சுற்றிக் காட்டலாம் என்று ஒரு நாள் வைத்தார்கள். அம்மா முதல் நாளே புடவையை இஸ்திரி வண்டியில் கொடுத்து வாங்கி வைத்திருந்தார். நான் காலையில், "வெளியாளுங்கள விடமாட்டாங்களாம்மா, மாத்திட்டாங்க" என்று சொல்லிவிட்டுத் தனியாகக் கிளம்பினேன். என்னத்துக்குப் பயந்தேன் என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். அந்தக் கையை, அந்தப் பேச்சை, அந்த இருமலை மற்றவர்கள் பார்ப்பதற்கு. சாயங்காலம் என் போனில் இருந்த போட்டோக்களை அம்மா தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு படத்தில் நின்றுவிட்டார்.

"இவுரு யாருடா, மைக்ராஸ்கோப்ல பாக்குறவரு?"

"ஃப்ரெண்டோட அப்பா."

போனைத் துடைத்து என் கையில் கொடுத்தார். "பரவால்லடா. கல்லத்தான பாக்கப்போறோம். பாக்காத கல்லா?" புடவையை மடிப்புக் கலையாமல் பெட்டிக்குள் வைத்தார்.

பரீட்சை முடிந்ததும் காட்டலாம், வேலை கிடைத்ததும் காட்டலாம் என்று தள்ளினேன். வேலை கிடைத்தது. ஆஸ்பத்திரிக்குத்தான் கூட்டிப்போனேன். டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சப் பலகையில் மாட்டினார். இரண்டு நுரையீரலிலும் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். "கல் தூள். உள்ளே போனால் வெளியே வராது" என்றார். லேப் உதவியாளர் சொன்ன அதே வார்த்தை. காதுக்குள் ஏதோ வெடித்து அடங்கியது மாதிரி இருந்தது. டாக்டர் அடுத்த அறைக்குப் போனதும் அம்மா எழுந்துபோய்ப் பலகைக்குக் கிட்டே நின்று உற்றுப் பார்த்தார்.

"இதானடா நீ காட்டறேன்னது? வெளிச்சத்துல வெச்சுப் பாக்குறது?"

நான் ஆமாம்மா என்றேன். இரண்டாவது முறையும் அவரிடம் கல்லைப் பற்றித் தப்பாகச் சொன்னேன். அல்லது முதல் முறையாகச் சரியாகச் சொன்னேனோ, தெரியவில்லை.

"நல்லாத்தான் கீது," என்றார் அம்மா.

அந்த மழைக்காலத்தை அவர் தாண்டவில்லை. அம்மாவின் சாவுக்குக் காதர் பாய் வந்து, தெருமுனையில் நின்று என் தோளைப் பிடித்துக்கொண்டார். எரிமலை என்று கூப்பிடவில்லை. அதற்கடுத்த வருஷம் அவரும் போய்விட்டார். பச்சைத் தண்ணீர்க் குழியைக் கட்டட இடிபாடு கொட்டி நிரப்பி, சுற்றிச் சுவர் எழுப்பியாகிவிட்டது. மத்தியானங்களில் ஜன்னல்கள் நடுங்குவதில்லை. நான் கல்லை ஒட்டித் தேய்த்த கண்ணாடி மட்டும் மேசை டிராயரில் இருக்கிறது. மைக்ராஸ்கோப் இல்லாமல் பார்த்தால் புகை படிந்த மாதிரி ஒரு கறை, வேறொன்றும் தெரியாது.

பள்ளிக்கரணையில் அன்றைக்கு உருளையை இன்னொரு தட்டு தட்டினேன். அந்த ஒரு நொடி மறுபடி வந்து போனது. இன்னொன்று. இன்னொன்று. துளை போடும் அண்ணன் ஓடிவந்து என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"சார், இன்னா சார் பண்றீங்க? போதும் சார். லேபுக்கு அனுப்பக் கல்லே இருக்காது."