டோலியில் ஏறிய செக்ரட்டரியும் படியேறிய பதினொரு பேரும்

கல்லூரியின் நூற்றாண்டு மலரில் என் மாமனார் சடையப்பனின் பெயர் ஒரே ஒரு இடத்தில்தான் வருகிறது. அதுவும் தப்பாக. 'கழுகு தரிசனத்தின் அருளால் வென்ற கால்பந்து அணியில் ஒருவர்' என்று எழுதி, அச்சுக்குப் போகுமுன் அந்தப் பக்கத்தை எடுத்துக்கொண்டு ஜெயப்பிரியா என்ற டீச்சரம்மா வந்தாள். எங்கள் வீட்டுச் சுவரில் இருக்கும் பழைய போட்டோ மலருக்கு வேண்டுமாம். படித்துக் காட்டியதும் எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் எரிச்சல் வந்தது. அருளாவது மண்ணாவது! நடந்ததை என் மாமனார் சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து நாற்பது தடவை சொல்லியிருக்கிறார். குழம்பு ஊற்றியவள் நான்.

வெள்ளைக்காரன் காலம். செங்கல்பட்டில் அது சின்னஞ்சிறு கல்லூரி. பந்தாட ஆள் சேர்த்தால் பன்னிரண்டாவது ஆள் கிடைக்காது. இருந்தது ஒரே பந்து. அந்த அணிக்கு ஒரு செக்ரட்டரி, தீனதயாளன், மிராசுதார் மகன். பரீட்சையில் மூன்று தடவை தவறியவர். பந்தை ஒரு நாளும் காலால் தொட்டதில்லை, ஆனால் எங்கே போனாலும் கக்கத்தில் வைத்துக்கொள்வார்.

சடையப்பன் உழவர் வீட்டுப் பிள்ளை. கோல் கம்பத்துக்கு முன்னால் நின்று தடுப்பது அவர் வேலை. ஆவணி நடவுக்கு அவர் ஊருக்குப் போகவில்லை. அவருடைய அப்பா பூபாலன் சேற்றுக் காலோடு கல்லூரி வாசலுக்கே வந்துவிட்டார்.

"நடவுக்கு ஏன்டா வர்ல?"

"பந்தாட்டம் இருந்துச்சு நைனா."

"ஆடி இன்னா கிழிச்ச? ஒண்ணு சொல்றேன், கேட்டுக்க. மாட்டுப் பொங்கலுக்குள்ள ஒரே ஒரு ஆட்டம் ஜெயி. நான் வந்து என் கண்ணால பாக்கணும். ஜெயிச்சா படி. இல்லாங்காட்டி வூட்டுக்கு வந்து ஏர் புடி."

ஒரே ஒரு ஆட்டம். அந்த வருடம் நாலு ஆட்டம் இருந்தது. யாராக இருந்தாலும் ஒன்றாவது ஜெயித்திருப்பார்கள். ஆனால் தீனதயாளன் ஒரு வேண்டுதல் வைத்திருந்தார்.

அப்போதெல்லாம் திருக்கழுக்குன்றத்து மலைமேல் உச்சிவேளையில் இரண்டு கழுகுகள் வந்து, அர்ச்சகர் வைக்கும் சர்க்கரைப் பொங்கலைத் தின்றுவிட்டுப் போகும். ஆட்டம் இருக்கிற ஒவ்வொரு நாளும் அணி முழுவதும் அதைப் பார்த்துவிட்டுத்தான் பந்தைத் தொட வேண்டும் என்பது அவர் வேண்டுதல். விடியுமுன் மாட்டு வண்டி கட்டுவார்கள். ஐந்நூறு படிக்கு மேல். பதினொரு பிள்ளைகளும் வெயிலில் ஏறுவார்கள். செக்ரட்டரி டோலியில், குடைக்குக் கீழே. சாமிக்கு அவர் செய்த வேண்டுதலை அடுத்தவன் கால் தீர்த்தது.

முதல் ஆட்டம் ரயில்வேக்காரர்களோடு. நாலு கோல் வாங்கினார்கள். பந்து வருவது தெரியும், கால்தான் எழும்பாது என்பார் மாமனார். தொடை தனியாக நடுங்குமாம். செக்ரட்டரி யோசித்துப் பார்த்து, பக்தி போதவில்லை என்று கண்டுபிடித்தார். இரண்டாவது ஆட்டத்துக்குப் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்க விடாமல் ஏற்றினார். ஆறு கோல். மூன்றாவது நாள் கழுகு நேரத்துக்கு வரவில்லை. வராமல் இறங்கக் கூடாது என்று உட்கார்த்தி வைத்தார். வண்டி மைதானம் வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்து, எதிர் அணி வீட்டுக்குப் போய்விட்டது. இப்படி ஒரு அறிவாளிக்குத்தான் இன்று மலரில் முழுப் பக்கம்.

கடைசி ஆட்டம் மார்கழியில், மகாபலிபுரத்தில், கோவளத்துப் படகுக்காரப் பிள்ளைகளோடு. பூபாலனும் வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். தோற்றால் ஏர்தான். அன்று காலை மலையடிவாரத்தில் சடையப்பன் டோலி தூக்குகிறவர்களிடம் ரகசியமாக ஏதோ பேசினார். செக்ரட்டரி வழக்கம்போலக் கீழேயே தலை எண்ணிவிட்டு டோலியில் ஏறினார். டோலி விறுவிறுவென்று முன்னால் போய்விட்டது. பதினொரு பேரும் பாதி வழி மண்டபத்தில் ஒதுங்கி, நிழலில் படுத்துத் தூங்கினார்கள். மேலே கழுகு வந்தது, தின்றது, போனது. செக்ரட்டரி கண்ணை மூடி உருகிக்கொண்டிருந்தார். டோலி இறங்கி மண்டபத்தைத் தாண்டியதும், நெற்றி நிறையத் திருநீறோடு பதினொரு பேரும் பின்னால் சேர்ந்துகொண்டார்கள்.

மைதானத்தில் கோவளத்து கேப்டன் ரஹ்மத்துல்லா வாயெல்லாம் பல்லாக நின்றான். "இன்னா அண்ணாத்த, இன்னிக்கும் மலையேறிட்டா வந்துகிறீங்க? அப்ப நாங்க குந்திக்கினே ஆடறோம்!"

ஆட்டம் முடிந்தபோது இரண்டுக்கு ஒன்று. ஜெயித்தது நம் ஆட்கள். கடைசி நேரத்தில் கோலுக்குள் போகப் பார்த்த பந்தைச் சடையப்பன் கோட்டின்மேல் விழுந்து தட்டிவிட்டார்.

"இன்னா மச்சான், மலையில படி கொறஞ்சு போச்சா?" என்று ரஹ்மத்துல்லா கேட்டானாம். அவனுக்குப் புரிந்துவிட்டது. செக்ரட்டரிக்குப் புரியவில்லை. அவர் தன் கழுத்தில் தானே மாலை போட்டுக்கொண்டு, கழுகு தந்த வெற்றி என்று அரை மணி நேரம் பேசினார்.

அதைக் கேட்டுப் பூபாலன் கையெடுத்துக் கும்பிட்டதுதான் வினையாகிவிட்டது. "நாளைக்கு நாமளும் ஏறி ஒரு கும்புடு போட்டுட்டு வரலாம்டா" என்றார்.

மறுநாள் அப்பனும் மகனும் படியேறினார்கள். பாதி வழியில் டோலிக்காரன் ஒருவன் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்தானா? "இன்னா தம்பி, நேத்து இங்கயே படுத்துக்கினு, இன்னிக்கு மேல வரிக்கும் போறியா?"

பூபாலன் நின்றுவிட்டார். மாமனாருக்குப் படிப்பு முடிந்தது என்றே தோன்றியதாம்.

"நேத்து நீ ஏறல?"

"ஏறல நைனா. எவனுமே ஏறல. தூங்கிட்டுப் போயி ஆடினோம்."

பூபாலன் படியில் உட்கார்ந்தார். துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"உழவுக்குப் போற மாட்ட எவனாச்சும் காலையில மலையேத்துவானாடா? நாலு மாசமா பதினோரு பேர்ல ஒருத்தனுக்குக்கூட இது தோணலியா? இதுக்கா காலேஜு?"

"கடைசியா தோணிச்சு நைனா."

"தோணிச்சு இல்ல? போய்ப் படி. இப்ப எழுந்திரு, பாக்கிப் படிய ஏறு. இன்னிக்கு உனக்கு ஆட்டம் கெடையாது."

மேலே போய் இருவரும் நன்றாகக் கும்பிட்டார்கள். கழுகின்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. அது பொங்கல் தின்ன வந்தது, பந்தாட்டம் பார்க்க வரவில்லை.

சடையப்பன் படித்து முடித்துத் தாலுகா ஆபீஸில் முப்பது வருடம் வேலை பார்த்தார். தீனதயாளன் அடுத்த வருடமும் செக்ரட்டரி. தினமும் இரண்டு தடவை ஏற வேண்டும் என்று சட்டம் போட்டு, அந்த அணியையே கலைத்தார்.

இதை எல்லாம் ஜெயப்பிரியாவிடம் சொல்லி, இப்படியே போடு, போட்டோ தருகிறேன் என்றேன்.

"போட முடியாது ஆயா. கமிட்டில தீனதயாளனோட பேரன் கீறாரு."

"அப்ப போட்டோ கெடையாது."

"நூற்றாண்டுக்கு மேட்ச்சு வச்சுகிறோம் ஆயா. காலையில பசங்கள எல்லாம் பஸ்ல ஏத்தி மலைக்குக் கூட்டிட்டுப் போயி..."

"ஆட்டத்துக்கு முன்னாடியா, பின்னாடியா?"

"முன்னாடிதான். ஆசீர்வாதத்துக்கு."

"உங்க கமிட்டியும் ஏறுதா?"

"அவங்க எல்லாம் வயசானவங்க ஆயா. டோலி சொல்லிகிறாங்க."

போட்டோ ஆணியிலேயே இருக்கிறது. நடுவில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, மடியில் பந்தை வைத்துக்கொண்டிருப்பவர் தீனதயாளன். என் மாமனார் கடைசி வரிசையில், ஓரத்தில் நிற்கிறார். பசங்களை ஆட்டம் முடிந்தபிறகு மலையேற்றுகிறோம் என்று கமிட்டி வந்து சொல்லட்டும். நானே கழற்றித் துடைத்துக் கொடுக்கிறேன்.