மூன்று தெரு தூரம்

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் இருபத்தாறு வருஷம் நின்றபடியே போர்வை தேய்த்தவர் அவர். ஓரம் பிசகாமல் மடிப்பதால் கூட வேலை செய்தவர்கள் மடிப்பம்மா என்றே கூப்பிட்டார்கள். வேலையை விடுவதற்குள் இடுப்பில் வலி குடியேறிவிட்டது. "தேய்மானம்" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார் டாக்டர். வெளுக்க வெளுக்கத் துணி நைந்துபோவதைப் பார்த்தே வாழ்ந்தவருக்கு அது போதாதா? நடந்தால் மிச்சமும் தேய்ந்துவிடும் என்று வீட்டோடு அடங்கிவிட்டார்.

அக்கா மூன்று தெரு தள்ளி, தன் மகன் வீட்டில் இருந்தார். வாரம் தவறாமல் வந்து, தைலம் தேய்த்துவிட்டு, வாய் வலிக்கப் பேசிவிட்டுப் போவார். திடீரென்று வருவது நின்றது. போன் செய்தால் "ம்", "சரி" அவ்வளவுதான். 'ஒரு தடவையாவது நான் போயிருக்கணும். ரோஷக்காரி, கோவிச்சுக்கிட்டா' என்று நினைத்தார் மடிப்பம்மா. ஆட்டோ என்றாலும் பயம். ஒருமுறை குலுங்கியதில் ஒரு வாரம் படுக்கை. இரண்டு வருஷம் ஓடிவிட்டது.

பிறகு டாக்டர் ஒரு பிசியோதெரபிப் பெண்ணிடம் அனுப்பினார்.

"வலி வேற, சேதம் வேறம்மா. எலும்பு என்ன துணியா, கசக்கினா கிழிய? நடக்காம இருந்தாதான் இன்னும் இறுகும். சரி, நடந்து எங்க போகணும்னு ஆசை?"

"எங்கக்கா வீட்டுக்கு. அவ கோபத்தைத் தீர்க்கணும்."

முதல் வாரம் கேட் வரை. அப்புறம் மருந்துக்கடை வரை. நன்றாயிருந்த ஒருநாள் ஆசைப்பட்டுக் கூடுதலாக நடந்து, நான்கு நாள் முனகிக்கொண்டு கிடந்தார். மறுபடி கேட்டிலிருந்து ஆரம்பித்தார். பதினோராவது வாரம் அக்கா வீட்டுக் கதவைத் தட்டினார்.

அக்கா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார்.

"அக்கா, நடந்தே வந்துட்டேன்!"

அக்கா மரியாதையாகச் சிரித்தார். "வாங்க, உக்காருங்க. இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறீங்களே! என் தங்கச்சிக்கும் இப்படித்தான். பாவம், அவளால வர முடியாது."

அக்காவின் மருமகள் மடிப்பம்மாவைச் சமையலறைக்கு அழைத்துப் போனாள். "ரெண்டு வருஷமாவே ஞாபகம் தப்பிக்கிட்டிருக்கு, சித்தி. உங்க வீட்டுக்குக் கிளம்பி ரெண்டு தடவை வழி தெரியாம நின்னுட்டாங்க. உங்களுக்கே முடியல, இதையும் எதுக்குச் சொல்லணும்னு விட்டுட்டோம்."

"போன வருஷம் வந்திருந்தா என்னைத் தெரிஞ்சிருக்குமா?"

மருமகள் காபி டம்ளரை அவர் கையில் வைத்தாள்.

திரும்பும்போது மருந்துக்கடைப் படியில் உட்கார்ந்து அழுதார். "ரொம்ப வலிக்குதாம்மா?" என்றார் கடைக்காரர். ஆமாம் என்று தலையாட்டினார்.

இப்போது தினமும் அக்கா வீட்டுக்குப் போகிறார். வலி பெரிதாகக் குறையவில்லை; நடை தேறியிருக்கிறது. அக்காவுக்குத் தலைவாரி விடுகிறார். தங்கச்சி எப்போது வருவாள் என்று அக்கா கேட்டால், "கிளம்பிட்டாக்கா, வந்துக்கிட்டிருக்கா" என்கிறார்.