மிஸியின் கத்தரிக்கோல்

குருண் ஊர்ப் பக்கம் எங்கள் ரப்பர்த் தோட்ட ஆஸ்பத்திரியில் எனக்குப் பிரசவம் பார்த்த நர்ஸை எல்லோரும் மிஸி என்றே கூப்பிடுவோம். பெயர் தெரியாது. நெட்டை உருவம். வெள்ளைத் தொப்பி எப்போதும் ஒரு பக்கம் சரிந்திருக்கும்.

என் முதல் பிள்ளை பிறந்த மறுநாளே இறந்துபோனது. அதனால் இரண்டாவது பிரசவத்துக்கு வார்டில் சேர்ந்தபோது பேய் அண்டாமலிருக்கத் தலையணைக்கடியில் கத்தி வைத்திருந்தேன். மிஸி அதைக் கண்டுபிடித்துவிட்டார்.

"வார்டுல கத்தி வைக்கக்கூடாதும்மா. டாக்டர் பார்த்தா எனக்குத்தான் ஏச்சு."

நான் அழுதுவிட்டேன். மிஸி கத்தியை வாங்கிக்கொண்டு, தன் பையிலிருந்த கத்தரிக்கோலை அங்கே செருகினார்.

"இதுவும் இரும்புதானே? படு."

சிக்கல் பிறகுதான் வந்தது. மிஸியிடம் இருந்ததே அந்த ஒரு கத்தரிக்கோல்தான். கட்டுத்துணி வெட்ட வேண்டியபோதெல்லாம் மிஸி என் கட்டிலுக்கு ஓடி வருவார். கத்தரிக்கோலை உருவிக்கொண்டு கூரையைப் பார்த்துக் கும்பிடுவார்.

"பேயே, அஞ்சு நிமிஷம் பொறுத்துக்க லா! இந்தா, கொண்டாந்துர்றேன்."

வார்டே சிரிக்கும். வலியோடு நானும் சிரித்தேன். மகள் நல்லபடியாகப் பிறந்தாள்.

வீட்டுக்குக் கிளம்பும்போது கேட்டேன். "மிஸி, நீங்க பேய நம்புறீங்களா?"

"சேச்சே! நான் மாதா கோயிலுக்குப் போறவ. டூட்டி நேரத்துல மட்டும் நம்புவேன்."

சொல்லும்போது அவர் சிரிக்கவே இல்லை. விளையாட்டாகச் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.