முக்கோணத்துக்கு முதல் சமோசா

கண்ணாடிக்காரர் மனைவிக்கு உலகத்தில் ஒரே ஒரு எதிரிதான். ஜன்னலுக்குக் கண்ணாடி அறுத்துக் கொடுக்கிற கணவரின் கடைக்கு எதிரே தள்ளுவண்டியில் சமோசா பொரிக்கிறவன். தெருவில் அவனுக்கு முக்கோணம் என்று பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் அவனுக்கே மறந்துபோயிருக்கும். கல்யாணமாகி வந்த புதிதிலிருந்தே அவனை அவள் கரித்துக் கொட்டிக்கொண்டிருந்தாள். காரணம் இல்லாமல் இல்லை. வீட்டில் எதைச் சமைத்து வைத்தாலும் "ம்" என்ற ஒற்றை எழுத்தோடு சாப்பிட்டு எழுந்துவிடுகிற மனுஷர், சாயங்காலம் நாலு மணிக்குத் தின்ற சமோசாவைப் பற்றி ராத்திரிச் சாப்பாடு வரைக்கும் பேசுவார்.

"உடைச்சா டக்குனு சத்தம் வரணும். கண்ணாடி மாதிரி. அவன் கை அப்படி."

எந்தப் பெண்டாட்டிதான் இதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருப்பாள், சொல்லுங்கள்.

அதே நாலு மணிக்குத்தான் ஒருநாள், கையில் பாதி சமோசாவோடு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு கடைக்குள்ளேயே சாய்ந்தார். தெருவில் யாரோ ஆட்டோவில் தூக்கிப் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். இவள் விழுந்தடித்துக்கொண்டு போய்ச் சேர்வதற்குள் கொண்டுவந்த ஆள் கிளம்பியிருந்தார். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் எங்கள் கையில் ஒன்றும் இல்லை என்றார் டாக்டர். அந்த முகம் தெரியாத ஆளை நினைத்து அவள் கையெடுத்துக் கும்பிட்டாள். அதே மூச்சில் முக்கோணத்தைத் திட்டியும் தீர்த்தாள். அவருடைய வலது கால் செருப்பு எங்கேயோ தொலைந்திருந்தது. இடது கால் செருப்பை மட்டும் பையில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்து கட்டிலுக்கு அடியில் தள்ளினாள்.

உடம்பு தேறியது, ஆள் தேறவில்லை. வேலைக்குப் போகலாம், பொரித்ததைத் தொடக்கூடாது, அவ்வளவுதான் என்று டாக்டர் சொன்ன பிறகும் கடை பூட்டியே கிடந்தது. வீட்டு ஜன்னல் கண்ணாடியைத் துடைப்பார், துடைத்ததையே மறுபடியும் துடைப்பார். தட்டில் பாதிச் சோறு அப்படியே இருக்கும். அவள் விடாமல் நச்சரித்ததில் ஒருநாள் வாயைத் திறந்தார்.

"பயமா இருக்கு. நாலு மணி ஆனாலே நெஞ்சுக்குள்ள என்னமோ பண்ணுது. அதே இடத்துல உக்காந்து ஒரு சமோசா தின்னுட்டு, ஒண்ணும் ஆகாம எந்திரிச்சேன்னா இந்தப் பயம் போயிடும்போல. ஆனா தின்னக் கூடாதே."

அந்த மனுஷர் வாயிலிருந்து பயம் என்ற சொல்லை அதுவரை அவள் கேட்டதே இல்லை.

மகள் எப்போதோ வாங்கிக் கொடுத்த ஓவனில் வெங்காயம் குடியிருந்தது. அதைக் காலி செய்துவிட்டு, கோதுமை மாவைப் பிசைந்து, உருளைக்கிழங்கை மசித்து வைத்து, எண்ணெய்ச் சட்டியே இல்லாமல் சமோசா சுட்டாள். கண்ணாடிக்காரர் ஒன்றை எடுத்து, கடையில் கண்ணாடியைத் தட்டிப் பார்ப்பதுபோல நகத்தால் தட்டினார். சத்தமே இல்லை.

"இது வளையுது," என்றார்.

அடுத்த தடவை சுட்டது ஓவனுக்குள்ளேயே வாயைப் பிளந்துகொண்டு நின்றது. அதற்கடுத்தது செருப்புத் தோலோடு போட்டி போட்டது. அதையும் மென்று விழுங்கிவிட்டு, "நல்லாத்தான் இருக்கு," என்றார். அவள் பயந்தே போனாள். "ம்" மட்டும் சொல்கிற ஆள் பொய் சொல்ல ஆரம்பித்துவிட்டார் என்றால், மனசு எவ்வளவு விட்டுப்போயிருக்க வேண்டும்.

மிஞ்சியதில் ஒன்றைக் காகிதத்தில் சுற்றிப் பையில் போட்டுக்கொண்டு எதிரியைத் தேடிப் புறப்பட்டாள். முதலில் நாலு வார்த்தை நறுக்கென்று கேட்பது, பிறகு அந்தச் சத்தத்தின் ரகசியத்தைக் கறப்பது என்று திட்டம். வழியெல்லாம் வசவுகளை அடுக்கிக்கொண்டே போனாள்.

அவளைக் கண்டதும் முக்கோணம் அடுப்பை அணைத்தான். கையைத் துடைத்துக்கொண்டு வந்து தலையைக் குனிந்து நின்றான்.

"திட்டுறதுன்னா திட்டிடுங்கக்கா. என் கையால வாங்கித் தின்னுதான் அண்ணன் விழுந்தாரு. அதான் வீட்டுப் பக்கம் வந்து பாக்கவே மூஞ்சி இல்ல."

அடுக்கி வைத்ததில் எதை முதலில் எடுப்பது என்று அவள் தடுமாறிக்கொண்டிருந்தபோது, அவன் மாவு டின்னுக்குப் பின்னாலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தான். உள்ளே துடைத்து வைத்த வலது கால் செருப்பு.

"ஆட்டோவுல ஏத்தறப்ப கழண்டு விழுந்துச்சு. திரும்பி வந்து தேடி எடுத்தேன்."

"ஏத்தினது யாரு?"

"நான்தான்க்கா. அந்த நேரத்துல வேற யாரு இருந்தா?"

அப்போதுதான் அவன் முன்கையைப் பார்த்தாள். மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை எண்ணெய் கொட்டி வெந்து ஆறிய தழும்பு. கொதிக்கிற சட்டியை இறக்கி வைக்கிற அவசரத்தில் பட்டது என்று ஏதோ கொசு கடித்ததுபோலச் சொன்னான்.

இத்தனை நாளும் ஒருவனையே ஒரு கையால் கும்பிட்டு மறு கையால் அடித்துக்கொண்டிருந்திருக்கிறாள். கவிழ்த்திருந்த பால் பெட்டிமேல் உட்கார்ந்து, தெரு பார்க்கிறது என்ற கூச்சமில்லாமல் அழுதாள். "நீ நல்லா இருக்கணும் தம்பி," என்பதைத் தவிர வேறு எதுவும் அவள் வாயில் வரவில்லை. அவனும் பக்கத்தில் நின்று துடைத்த கையையே துடைத்துக்கொண்டிருந்தான்.

அழுது முடித்து மூக்கைச் சிந்திவிட்டுப் ஓவனில் சுட்டது என்று சொல்லிப் பையிலிருந்த சமோசாவை நீட்டினாள். அவன் அதை வளைத்துப் பார்த்தான். முகம் போன போக்கு அவளுக்கே சிரிப்பு மூட்டியது.

"அக்கா, மாவுல தண்ணி ஊத்துறதுக்கு முன்னாடி எண்ணெய் கொஞ்சூண்டு விட்டுப் பிசறுங்க. பிடிச்சா பிடியா நிக்கணும். மாவு கெட்டியா இருக்கட்டும். கிழங்கை ஈரம் போக வதக்கி, நல்லா ஆற வச்சு மடிங்க. சூட்டோட வச்சா ஆவி மேல்தோலை நனைச்சிடும். மேல எண்ணெயைச் சும்மா தடவுனா போதும். அப்புறம் சூட்டைக் குறைச்சு வச்சிட்டுப் போய் வேற வேலையைப் பாருங்க. திறந்து திறந்து பாக்காதீங்க."

கடைசியாகச் சொன்னதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. இருந்தாலும் பல்லைக் கடித்துக்கொண்டு செய்தாள்.

மறுநாள் மத்தியானம் கணவரைக் கிளப்பிக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனாள். ஒரு கையில் சமோசா டப்பா, மறு கையில் பை. அவர் ஷட்டரைத் தூக்கினார். விழுந்த இடத்திலேயே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தார். நாலு மணிக்கு டப்பாவைத் திறந்தாள். அவர் கையை நீட்டினார். அவள் டப்பாவை நகர்த்திக்கொண்டாள்.

"இருங்க. முதல்ல தம்பிக்கு."

"எந்தத் தம்பி?"

அவள் எதிர்ப்பக்கம் பார்த்துக் கையசைத்தாள். முக்கோணம் வந்தான்.

"இவனைக் கண்டாலே உனக்கு ஆகாதே," என்றார் கண்ணாடிக்காரர்.

அவள் பையிலிருந்து செருப்பு இரண்டையும் எடுத்து அவர் காலடியில் ஜோடியாக வைத்தாள். "அன்னைக்கு உங்களைத் தூக்கிட்டுப் போனது இந்தத் தம்பிதாங்க. அவசரத்துல எண்ணெய் கொட்டிக் கையெல்லாம் வெந்துபோயிருக்கு."

அவர் அந்தத் தழும்பைப் பார்த்தார். முக்கோணத்துக்கு அங்கே நிற்கவே கூச்சமாக இருந்தது. அவள் கொடுத்த சமோசாவை அவசரமாக உடைத்தான்.

டக்.

கண்ணாடிக்காரர் தலை நிமிர்ந்தது. அடுத்ததை அவர் எடுத்து உடைத்தார். அதுவும் டக்கென்றது. முழுசாகத் தின்றார். நெஞ்சின்மேல் கையை வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார். தெருவில் ஒரு வண்டி ஹாரன் அடித்துவிட்டுப் போனது. அவர் கையை எடுத்தார்.

"ஒண்ணும் பண்ணல," என்றார்.

செருப்பைக் காலில் மாட்டிக்கொண்டு எழுந்தார். முக்கோணத்தின் வெந்த கையைத் தன் இரண்டு கைக்குள்ளும் பொத்திக்கொண்டார். "உனக்கு என்ன சொல்றதுன்னே தெரியலடா," என்றார்.

"ஒண்ணும் சொல்ல வேணாம்ண்ணே. நாளைக்கும் கடையைத் திறங்க."