அசையாத நேரம்

அந்த ஞாயிறு பகல் பன்னிரண்டேகாலுக்கு எங்கள் வீட்டுத் தொலைபேசி அடித்திருக்க வேண்டும். அடிக்கவில்லை. 2008 மார்ச் மாதம். அன்று அதிகாலைதான், இங்கே வழக்கம்போலக் கோடை நேரத்துக்காக, மணிக்கூடுகளை ஒரு மணித்தியாலம் முன்னே தள்ளியிருந்தோம்.

தமிழ் வகுப்பு முடிந்ததும் ஒரு வான் என் மகளையும் மற்றப் பிள்ளைகளையும் தெருமூலைகளில் இறக்கிவிடும். பெற்றோர் குளிரில் காத்து நிற்காதபடி, பத்து நிமிடம் முன்னதாக வீடுகளுக்குத் தானாகவே அழைப்புப் போகும். அதைச் செய்து கொடுத்தவள் நான். டவுன்டவுனில் எனக்குத் தரவுத்தள வேலை. அழைப்பு நேரங்களைக் கிரீனிச் நேரத்தில் பதிந்திருந்தேன். அது கோடையிலும் மாரியிலும் அசையாது, மணிக்கூடு மாறினாலும் நமக்குக் கவலையில்லை என்று பெற்றோர் கூட்டத்தில் விளக்கினேன். அதே கூட்டத்தில், வான் ஓட்டுகிற அண்ணை மூலைக்கு மூலை காத்து நின்று நேரத்தை வீணாக்குகிறார் என்றும் சொன்னேன். அவர் சம்பளம் வாங்காமல் ஓட்டுபவர். தலையை மட்டும் ஆட்டினார்.

பன்னிரண்டரைக்குத் தொலைபேசி அடித்தது. வான் அழைப்பென்று நினைத்து ஒரு கையில் கோட்டோடு எடுத்தேன். யாழ்ப்பாணத்திலிருந்து அக்கா. ஞாயிறுகளில் பதினொன்றரைக்கு எடுப்பவள். ஏன் இவ்வளவு பிந்தியது என்று கேட்டேன்.

"நான் எப்பவும்போல இரவு பத்துக்குத்தான் எடுக்கிறன். உன்ர மணிக்கூடுதான் ஓடிப்போச்சு."

ஒவ்வொரு வசந்தத்திலும் அவள் இப்படித்தான் பிந்துவாள். அங்கே நேரம் அசைவதில்லை. நான் பதிந்த நேரங்களும் அசையவில்லை. அழைப்புகள் ஒரு மணித்தியாலம் பிந்தி, ஒன்றேகாலுக்குத்தான் போகும். வான் புது நேரத்துக்கு வந்து போயிருக்கும்.

மூலைக்கு ஓடினேன். யாரும் இல்லை. மூலைத் தெப்பனரில், அந்தச் சில்லறைக் கடையில், இருந்தவர் வான் நின்று போனதைக் கண்டாராம், பிள்ளையைக் கவனிக்கவில்லையாம். மகளுக்கு ஆறு வயது. அண்ணையிடம் கைத்தொலைபேசி கிடையாது. ஓடி வந்தபோது என் மனதில் முதலில் வந்தது மகளின் முகம் அல்ல, அந்தக் கூட்டத்தில் இருந்தவர்களின் முகங்கள். இதை இன்றுவரை வீட்டில் சொன்னதில்லை.

எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. வான் திரும்பி வந்தது. உள்ளே எல்லாப் பிள்ளைகளும் இருந்தார்கள். என் மகள் முன்னிருக்கையில், கையில் பாதி தின்ற பணிஸோடு. அண்ணை கண்ணாடியை இறக்கினார்.

"ஒரு மூலையிலயும் ஒருத்தரும் இல்லை, தங்கச்சி. காத்து நிக்கவேண்டாமெண்டு சொன்னனீங்களெல்லோ, அதாலை நிக்கேல்லை. பிள்ளையள் எல்லாரையும் வைச்சுக்கொண்டு சுத்திக்கொண்டிருக்கிறன்."