வெறும் வயிற்றோடு மதுரைக்கு

என் மகனுக்குப் பல் வலி என்பதைக் கண்டுபிடிக்கவே ஒரு கோடைக்காலம் முழுக்கப் போயிற்று. அவனுக்கு ஆறு வயது, பேச்சு வரவில்லை. இடது கன்னத்தில் தானே ஓங்கி அறைந்துகொள்வான். மதுரை டாக்டர் ஒருவர் ஆட்டிசம் என்று சொல்லியிருந்தார். அந்தச் சொல்லைக் கையில் வைத்துக்கொண்டு திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து பிரவுசிங் சென்டரில் பக்கம் பக்கமாகப் படித்துத் தள்ளிக்கொண்டிருந்தேன். தன்னைத் தானே அடித்துக்கொள்ளும் பிள்ளைகளைப் பற்றி அதில் நிறைய இருந்தது. உள்ளூர் டாக்டரும், "இந்த மாதிரிப் புள்ளைங்க இப்படித்தாம்மா" என்று தூங்க மருந்து எழுதினார். அப்புறம் ஒரு நாள் அவன் கொட்டாவி விட்டபோது பார்த்தேன். கடைவாய்ப் பல் கறுத்துக் குழிந்து, ஈறு வீங்கிக் கிடந்தது.

பல் டாக்டர், "வாயைத் திறக்கச் சொல்லுங்க" என்றார். சொன்னேன். தலைக்கு மேல் விளக்கு எரிந்ததும் அவன் போட்ட கூச்சலில், வெளியே காத்திருந்தவர்கள் எழுந்து போய்விட்டார்கள். இன்னொரு கிளினிக்கில் வாசலிலேயே, "வேற எங்கயாச்சும் பாருங்களேன்" என்றார்கள். கடைசியாக ஒருவர்தான் உருப்படியாகச் சொன்னார்: மயக்க மருந்து கொடுத்துத்தான் எடுக்க வேண்டும், அதற்கு மதுரை போக வேண்டும். மதுரை ஆஸ்பத்திரியில் அலைந்து தேதி வாங்கினோம். காலையில் பச்சைத் தண்ணீர்கூடக் கொடுக்கக் கூடாது என்றார்கள்.

எழுந்ததும் தட்டில் தயிர்சோறு இருக்க வேண்டும் அவனுக்கு. அதே தட்டு, அதே தயிர்சோறு. புதிதாக எதையும் வாயில் வாங்க மாட்டான். நான் சும்மா இருப்பேனா? பஸ், டாக்டர், அதற்கப்புறம் தட்டு என்று வரிசையாகப் படம் வரைந்து ஒரு வாரம் பழக்கினேன். அன்று காலையில் அந்த அட்டையைக் கசக்கி எறிந்துவிட்டு, சமையலறைக் கதவில் தலையை முட்டினான்.

பழனியிலிருந்து வந்த மதுரை பஸ்ஸில் ஏறினோம். என் வீட்டுக்காரருக்கு முன்னால்தான் இடம் கிடைத்தது. நான் மகனை மடியில் அமுக்கிப் பிடித்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தேன். பக்கத்தில் மொட்டைத் தலையில் சந்தனத்தோடு ஓர் அக்கா, மடியில் பஞ்சாமிர்த டப்பா.

"ஏத்தா, புள்ள பசில இந்தக் கத்து கத்துது. ஒரு வாய் குடுக்கட்டா?"

"வேண்டாங்க்கா. பல்லு எடுக்கப் போறோம், வெறும் வயித்தோட வரச் சொல்லியிருக்காங்க."

"பல்லு புடுங்கப் பட்டினியா? எங்கூர்ல நூலக் கட்டி ஒரே இழுப்பு!" முன் சீட்டில் யாரோ சிரித்தார்கள். பிறகு அந்த அக்காவின் பார்வை என் கழுத்துச் சங்கிலியில் தொங்கிய சிலுவையில் நின்றது. "ஓ, வேதக்காரவுகளா! அதச் சொல்ல வேண்டியதுதான. சாமி பிரசாதம்னுதான் வேணாங்குறீக?"

"ஐயோ, அதில்லக்கா" என்று மூச்சு வாங்க விளக்க ஆரம்பித்தேன். மயக்க மருந்து, வாந்தி, ஆட்டிசம் என்று எல்லாவற்றையும் முன் சீட்டில் சிரித்தவர்களையும் பார்த்து ஒரே வேகத்தில் சொல்லிக்கொண்டிருந்தபோது அழுகை நின்றுவிட்டது. திரும்பிப் பார்த்தேன். பஞ்சாமிர்தம் ஒட்டிய அந்த அக்காவின் விரலை என் மகன் சப்பிக்கொண்டிருந்தான்.

"பாத்தியா, எப்படி வாங்குறான்! பசிக்குத் தெரியுமா மதமும் மண்ணும்?"

வேற்று மனுசர் கையிலிருந்து, வேறொரு ருசியை, அவன் வாங்கித் தின்றது அதுதான் முதல் தடவை. ஒரு கணம் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. அப்புறம்தான் ஆஸ்பத்திரியில் சொன்னது நினைவுக்கு வந்து, அவனை வெடுக்கென்று என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

மதுரையில் இறங்கியதும் வீட்டுக்காரரிடம் சொன்னேன். "ஒரு வாய்தான? வாயத் தொறக்காத. இந்தத் தேதிய விட்டா இனி எப்பத் தருவானோ. புள்ள படுற பாட்டப் பாக்குறயில்ல நீ?" என்றார் அவர்.

மயக்க மருந்து கொடுக்கும் டாக்டர், "காலையில ஏதாச்சும் சாப்டானா?" என்றார்.

"இல்ல சார்" என்றார் இவர்.

வயிற்றில் இருப்பது மயக்கத்தில் மேலேறி நுரையீரலுக்குள் போனால் என்ன ஆகும் என்று நான் படித்திருந்தேன். "சாப்டான் டாக்டர். பஸ்ல, பஞ்சாமிர்தம்" என்றேன். இவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

"நல்ல வேளை சொன்னீங்க. இன்னைக்கு முடியாதும்மா."

"செத்த நேரம் கழிச்சு? சாயங்காலம் வரைக்கும் இருக்கோம் டாக்டர்."

"இன்னைக்கு இருக்குற கேஸே முடியாது. அடுத்த மாசம் வாங்க."

இனிப் பட்டினி போட வேண்டியதில்லை. ஆஸ்பத்திரி மரத்தடியில் உட்கார்ந்து, சாயங்காலத்துக்கென்று கொண்டுபோயிருந்த தயிர்சோற்றைப் பிசைந்து ஊட்டினேன். சோறு அந்தப் பல்லில் பட்டதும் துப்பினான். மறுபடி கன்னத்தில் அடித்துக்கொள்ள ஆரம்பித்தான். திரும்பும் பஸ்ஸில் அவன் கன்னத்தின் மேல் என் உள்ளங்கையை வைத்துக்கொண்டேன். திண்டுக்கல் வரும்வரை அடி என் புறங்கையில் விழுந்துகொண்டே இருந்தது. வீட்டுக்காரர் முன் சீட்டில், தலையைத் திருப்பாமல் உட்கார்ந்திருந்தார்.