சிவப்பு விளக்கில் வைத்த பொட்டு

அந்தப் பச்சைப் பெட்டியை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. சிவகாசியில் நான் வேலை பார்த்த அச்சகத்தின் பின்பக்கம், தகரக் கொட்டகைக்குள் நின்ற ஜெனரேட்டரின் முகப்பில் அது இருந்தது. ராணுவம் கழித்துக்கட்டி ஏலத்தில் விட்ட ஜெனரேட்டர். முதலாளி எங்கிருந்தோ வாங்கி வந்திருந்தார். தடித்த இரும்புக் கதவு, உள்ளே நாலு மீட்டர், ரப்பர் குல்லாய் போட்ட சுவிட்சுகள், வரிசையாக மூன்று விளக்குகள். பச்சை எரிந்தால் ஓடுகிறது என்று அர்த்தம். மஞ்சள் எரிந்தால் சூடு ஏறுகிறது. சிவப்பு எரிந்தால் எஞ்சினில் ஆயில் இறங்கிவிட்டது, உடனே நிறுத்து. இவ்வளவுதான் விஷயம். பள்ளிக்கூடம் பக்கமே போகாதவர்களுக்கும் புரியும். எங்கள் முதலாளிக்குத்தான் புரியவில்லை, அல்லது புரிந்துகொள்ள மனசில்லை.

அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொள்ள ஒருவர் இருந்தார். ராணுவத்தில் இதே மாதிரி ஜெனரேட்டர்களைப் பழுது பார்த்துவிட்டு ஓய்வு பெற்று வந்தவர், ஆனைக்குட்டத்துக்காரர். யாரும் அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை, எல்லோருக்கும் ஹவில்தார்தான். நான் பைண்டிங் பகுதிக்கு மேற்பார்வை. மின்வெட்டு கொடுமையாக இருந்த வருடங்கள் அவை. கரண்டு இல்லாத நேரமெல்லாம் அச்சு மிஷின்கள் அவர் தயவில்தான் ஓடின. அச்சகத்துக் காகிதத் தூசி சும்மா இருக்காது, பெட்டிக்குள் புகுந்து எண்ணெய்ப் பிசுக்கோடு ஒட்டிக்கொள்ளும். வாரம் ஒருமுறை கதவைத் திறந்து சைக்கிள் பம்பால் காற்றடிப்பார். பல்பு உட்காரும் பித்தளையை என்னிடம் வாங்கிப்போன அழிரப்பரால் தேய்த்துப் பளபளவென்று ஆக்குவார். அந்தக் குட்டிப் பல்புகளைச் சாத்தூரில் லாரி சாமான் கடையில் வாங்கி, தீப்பெட்டிக்குள் பஞ்சு வைத்து, சட்டைப்பையிலேயே வைத்திருப்பார். தினமும் காலையில் மூன்று விளக்குகளையும் பெருவிரலால் ஒவ்வொன்றாக அமுக்குவார். பல்பு நன்றாக இருந்தால் அமுக்கும்போது எரியும், அப்படி ஓர் அமைப்பு. "வெளக்கு எரியலைன்னா கோளாறு இல்லைன்னு நெனைச்சிராத தாயி. பல்பு செத்துப் போனாலுந்தான் எரியாது. அமுக்கிப் பாத்தாத்தான் தெரியும்" என்பார். சும்மா கிடக்கிற விளக்கை இந்த ஆள் எதற்குக் குத்திக்கொண்டிருக்கிறார் என்று மிஷின்மேன்கள் கேலி பேசுவார்கள். நானும் கூடச் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

பெட்டியின் ஓரத்தில் மூடி போட்ட சுவிட்ச் ஒன்று தனியாக இருந்தது. ஹவில்தார் அதைச் சண்டை சுவிட்ச் என்பார். சாதாரணமாக ஆயில் இறங்கினாலோ சூடு மீறினாலோ அந்த எஞ்சின் தானாக நின்றுவிடும். ஆனால் சண்டை நடக்கும்போது கரண்டு நின்றால் ஆட்களின் உயிர் போகும். எஞ்சின் நாசமானாலும் பரவாயில்லை, நிற்காமல் ஓடு என்று சொல்வதற்காக ராணுவம் வைத்த சுவிட்ச் அது. அதைப் போட்டுவிட்டால் எஞ்சின் நிற்காது, விளக்கு மட்டும்தான் எரியும். இதை ஒருநாள் பேச்சுவாக்கில் முதலாளியிடம் சொல்லித் தொலைத்தார். காலண்டர் அச்சடிக்கும் சீசன் நேரத்தில் ஜெனரேட்டர் இரண்டு தடவை நின்றதும் முதலாளி நேராக வந்து மூடியைத் தூக்கிச் சுவிட்சைப் போட்டார். "மொதலாளி, அது சண்டைக்கு உள்ளது" என்றார் ஹவில்தார். "ஒங்களுக்கு எல்லையில சண்டை ஹவில்தார். எனக்குச் சீசன்தான் சண்டை" என்று சொல்லிவிட்டு முதலாளி சிரித்தார். அதன் பிறகு ஹவில்தார் அணைப்பதும் முதலாளி போடுவதுமாகவே போனது.

அந்த வருடம் ஆயுத பூஜையை ஒட்டி ஹவில்தார் இரண்டு நாள் லீவு போட்டார். வெம்பக்கோட்டைப் பக்கம் அவர்கள் குலசாமிக்குப் பொங்கல். கிளம்புமுன் சண்டை சுவிட்சை அணைத்துவிட்டு என்னிடம் வந்தார். "தாயி, பெட்டியில எங்கன வேணும்னாலும் பொட்டு வையி. அந்த மூணு வெளக்குல மட்டும் வச்சிராத. கண்ணுல சந்தனத்த அப்புன மாதிரி ஆயிரும்" என்றார். மிஷின்களுக்குச் சந்தனம் குங்குமம் வைப்பது எங்கள் கம்பெனியில் என் வேலை. அச்சு மிஷின், கட்டிங் மிஷின் எல்லாம் முடித்துக் கடைசியாகக் கொட்டகைக்குப் போனேன். செல்போனில் படம் எடுத்தபடி முதலாளியும் பின்னாலேயே வந்தார். கதவில் வைத்தேன், மீட்டருக்கு மேலே வைத்தேன். "அந்த மூணு வெளக்குலயும் வைம்மா. வரிசையா இருந்தா அழகா இருக்கும்ல" என்றார். "ஹவில்தார் வேண்டாம்னு சொல்லிட்டுப் போனாக மொதலாளி" என்றேன். "கம்பெனி எனக்கா, ஹவில்தாருக்கா?" என்றார். வைத்தேன். விளக்கின் அகலத்துக்குச் சந்தனம், அதன் நடுவில் குங்குமம்.

விஜயதசமிக்கு மறுநாள் காலை ஆறு மணிக்கே கரண்டு போய்விட்டது. ஹவில்தார் வரும் பஸ் எட்டு மணிக்குத்தான். முதலாளியே போய்ச் சண்டை சுவிட்சைப் போட்டு ஜெனரேட்டரை ஓட்டச் சொன்னார். ஆயில் குழாய் எப்போது விட்டுக்கொண்டதோ தெரியாது. சிவப்பு விளக்கு எரிந்துதான் இருக்கும். காய்ந்து இறுகிய சந்தனத்துக்கும் குங்குமத்துக்கும் பின்னால் எரிகிற சிவப்பை யார் கண்டார்கள்? ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. கடகடவென்று சத்தம், அதன் பின் கொட்டகையே அதிர ஓர் அடி. எஞ்சினின் வயிறு பிளந்து, உள்ளே இருக்க வேண்டிய இரும்புத் தண்டு வெளியே நீட்டிக்கொண்டு நின்றது.

ஹவில்தார் வந்ததும் எஞ்சினைப் பார்க்கவில்லை. நேராகப் பெட்டிக்குப் போய் மூன்றாவது விளக்கின் சந்தனத்தை நகத்தால் சுரண்டினார். எஞ்சின் நின்ற பிறகும் பேட்டரியில் உள்ளே சிவப்பு எரிந்துகொண்டிருந்தது. இரவு ஷிப்ட், பகல் ஷிப்ட் இரண்டும் கூடி நின்றிருந்தன. "ஒழுங்கா மெயிண்டனன்ஸ் பாத்தா இப்படி ஆகுமாய்யா?" என்று முதலாளி கத்தினார். ஹவில்தாரும் விடவில்லை. "சுவிட்சப் போட்டது நீக. வெளக்குல பொட்டு வைக்காதன்னு இந்தப் பிள்ளைகிட்டச் சொல்லிட்டுத்தான் போனேன். கேட்டுப் பாருங்க" என்றார். முதலாளி என் பக்கம் திரும்பினார். "ஏம்மா, ஹவில்தார் ஒங்கிட்ட அப்படி ஏதும் சொன்னாரா?"

"எனக்கு ஞாபகமில்லையே மொதலாளி" என்றேன்.

என் அக்கா பட்டாசுத் தொழிற்சாலை விபத்தில் கருகிப் போனவள். அச்சக வேலை போனால் எனக்கும் அதே மாதிரி ஒரு வெடிமருந்து அறைதான் கதி. முதலாளிக்கு அது நன்றாகத் தெரியும். தெரிந்துதான், அத்தனை பேர் நடுவில் என்னைப் பார்த்துக் கேட்டார். அந்த ஆளை நான் மன்னிக்கப் போவதில்லை. ஆனாலும் சொன்னது என் வாய். அன்றைக்கே ஹவில்தாரை அனுப்பிவிட்டார்கள். எஞ்சினை எரித்தவர் என்ற பெயர் அவருக்கு முன்னால் ஒவ்வொரு அச்சகத்துக்கும் போய் உட்கார்ந்துகொண்டது. ஒருவரும் சேர்க்கவில்லை. இருபது வருடம் பட்டாளத்தின் ஜெனரேட்டர்களைக் கட்டிக் காத்தவர், ஆனைக்குட்டத்தில் வீட்டு வாசலில் சைக்கிள் பஞ்சர் ஒட்ட உட்கார்ந்தார். நான் அதே கம்பெனியில் இன்னும் ஏழு வருடம் வேலை பார்த்தேன். ஆனைக்குட்டம் வழியாகப் போகும் பஸ்ஸில் ஏறவே மாட்டேன்.

போன மாதம் சாத்தூரில் ஒரு கல்யாணம். பந்தியில் எனக்கு எதிர் வரிசையில் முதலாளி உட்கார்ந்திருந்தார். இப்போது இரண்டு அச்சகம் அவருக்கு. என்னைப் பார்த்ததும் பக்கத்தில் இருந்தவரிடம், "நம்மகிட்ட இருந்த பிள்ளை. ரொம்ப விசுவாசமான பிள்ளை" என்றார். "ஹவில்தார ஞாபகம் இருக்கா மொதலாளி?" என்று கேட்டேன். அவர் அப்பளத்தை நொறுக்கியபடியே யோசித்தார். "எந்த ஹவில்தார்? ஞாபகமில்லையேம்மா" என்றார். நடிக்கவில்லை, நிஜமாகவே மறந்துபோயிருந்தார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. எழுந்து நின்று, எச்சில் கையோடு, சுவிட்சில் தொடங்கி நான் சொன்ன பொய் வரைக்கும் எல்லாவற்றையும் சத்தமாகச் சொன்னேன். சாம்பார் வாளியோடு வந்தவர் நின்றுவிட்டார். "சாப்பிடுற எடத்துல எதுக்கும்மா பழசெல்லாம்?" என்றார் ஒரு பெரியவர். முதலாளி இலையை மடித்துவிட்டு எழுந்து போனார்.

மறுநாள் ஆனைக்குட்டத்துக்குப் போனேன். ஹவில்தாருக்கு முடி முழுக்க நரைத்துவிட்டது. என்னை உட்காரச் சொல்லவில்லை, தாயி என்று கூப்பிடவும் இல்லை. டியூபைத் தண்ணீரில் முக்கிக் குமிழி வருகிறதா என்று பார்த்தபடியே நான் சொன்னதை முழுக்கக் கேட்டார்.

"எம்புட்டுப் பேரு இருந்தாக?" என்றார்.

"ஒரு பந்தி இருக்கும்."

"அன்னைக்குக் கம்பெனியில ரெண்டு ஷிப்டும் நின்னுச்சு" என்று சொல்லிவிட்டு டியூபைத் துடைக்கத் தொடங்கினார்.

அந்த இரண்டு ஷிப்டில் நின்றவர்கள் இப்போது எந்தெந்த ஊரில் இருக்கிறார்களோ, ஒவ்வொருவராகத் தேடிப் போக என்னால் முடியாது. அதனால் இங்கே எழுதுகிறேன். விளக்கில் பொட்டு வைக்காதே என்று ஹவில்தார் என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனார். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. அன்றைக்கும் இருந்தது.